வார்டுல பரவுற கிருமிக்குக் கணக்குக் கேட்போம்!

(மருத்துவ அணி கருத்தரங்கில், அரசு மருத்துவமனைகளில் 30 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசா படிங்க தோழர்களே, நாலு பேருக்குப் பகிருங்க.)



எனக்கு மேடைப்பேச்சு வராது. வார்டுல நோயாளியோட சொந்தக்காரங்ககிட்ட எப்படிப் பேசுவேனோ அப்படித்தான் பேசப் போறேன்.

"ஆபரேஷன் நல்லாத்தான் முடிஞ்சுது, அப்புறம் இன்ஃபெக்‌ஷன் ஆயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க." இந்தப் பேச்சை நம்ம எல்லாரும் ஏதாவது ஒரு துக்க வீட்டுல கேட்டிருப்போம். அதோட விஷயம் முடிஞ்சிரும். அந்த இன்ஃபெக்‌ஷன் எங்க இருந்து வந்துச்சுன்னு யாரும் கேட்கிறதில்லை. விதின்னு மனசைத் தேத்திக்கிறாங்க.

அது விதி இல்ல. உலக சுகாதார நிறுவனம் 2022-ல ஒரு அறிக்கை விட்டுச்சு. மருத்துவமனையில 100 பேர் சேர்ந்தா, பணக்கார நாடுகள்ல 7 பேருக்கு உள்ளேயே புதுசா ஒரு தொற்று வருது. நம்மள மாதிரி நாடுகள்ல 15 பேருக்கு. கை சுத்தம் மாதிரி அடிப்படைத் தடுப்பு வேலைகளை ஒழுங்கா செஞ்சா இதுல 70 சதவீதம் வரைக்கும் தடுக்கலாம்னும் அதே அறிக்கை சொல்லுது.

எப்படி வருது? வென்டிலேட்டர் குழாய் வழியா நுரையீரலுக்கு. சிறுநீர்க் குழாய் வழியா கிட்னிக்கு. கையில குத்துற ஊசிக் குழாய் வழியா நேரா ரத்தத்துக்கு. உடம்புக்குள்ள போற ஒவ்வொரு குழாயும் கிருமிக்கு ஒரு வாசல். அசினிட்டோபாக்டர்னு ஒரு கிருமி இருக்கு. கட்டில் கம்பியில, மானிட்டர் பட்டன்ல, ஸ்டெதஸ்கோப்புல காய்ஞ்சு போன நிலையிலயும் நாள்கணக்குல உயிரோட கிடக்கும். அது தானா நடந்து போகாது. ஒரு கட்டில்ல இருந்து அடுத்த கட்டிலுக்கு அதைத் தூக்கிட்டுப் போறது எங்க கைதான்.

இங்க ஒரு தப்பான நம்பிக்கையைச் சொல்லிடறேன். "அவருக்கு உடம்பு மருந்துக்குப் பழகிடுச்சு, அதான் கேட்கல"ன்னு சொல்வாங்க. பழகினது உடம்பு இல்லை, கிருமி. வாழ்நாள்ல ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரைகூடப் போடாத பச்சைக் குழந்தைக்கும் எந்த மருந்துக்கும் கேட்காத கிருமி தொத்தலாம். டெல்லியில மூணு பெரிய அரசு மருத்துவமனைகள்ல பிறந்த குழந்தைகளை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2016-ல வெளியிட்டாங்க. குழந்தைகளோட ரத்தத்துல கிடைச்ச அசினிட்டோபாக்டர்ல 80 சதவீதத்துக்கு மேல பல மருந்துக்கும் அடங்காத ரகம். அந்தக் குழந்தை என்ன பாவம் பண்ணுச்சு?

நம்ம சென்னைக்கும் இந்தக் கதையில ஒரு இடம் இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. டெல்லி மருத்துவமனையில சிகிச்சை எடுத்துட்டு ஸ்வீடனுக்குப் போன ஒருத்தர்கிட்ட 2008-ல ஒரு கிருமி கண்டுபிடிச்சாங்க. மெரோபெனம் மாதிரி, கடைசிக் கட்டத்துல கைகொடுக்குற மருந்தையே உடைச்சுப் போடுற ஒரு நொதி அதுகிட்ட இருந்துச்சு. என்டிஎம்-1னு பேரு வச்சாங்க. அந்த 'என்டி' நியூ டெல்லி. 2010-ல சென்னைப் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த கார்த்திகேயன் குமாரசாமியும் அவர் கூட வேலை செஞ்சவங்களும் லான்செட் இதழ்ல கட்டுரை வெளியிட்டாங்க. சென்னையில 44 மாதிரிகள்ல, ஹரியானாவுல 26 மாதிரிகள்ல இது இருக்குன்னு சொன்னாங்க. இந்த நொதிக்கான மரபணு ஒரு கிருமியில இருந்து வேற இன கிருமிக்கே தாவும்னும் சொன்னாங்க.

உடனே ஒன்றிய அரசு என்ன பண்ணியிருக்கணும்? மருத்துவமனை மருத்துவமனையா கணக்கெடுத்திருக்கணும். ஆனா என்ன பண்ணாங்க? டெல்லி பேரை எப்படி வைக்கலாம், மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கிறாங்கன்னு சண்டைக்குப் போனாங்க. அடுத்த வருஷமே டெல்லியில குடிதண்ணி மாதிரி 50 எடுத்துப் பார்த்தா ரெண்டுல அந்த மரபணு இருந்துச்சு. தெருவுல தேங்கின தண்ணி 171 மாதிரியில 51-ல இருந்துச்சு. கிருமிக்கு என்ன பேருங்கிறதா அன்னிக்குப் பிரச்சினை?

ஒண்ணுமே நடக்கலைன்னு சொல்ல மாட்டேன். 2012-ல மருத்துவச் சங்கங்கள் நம்ம சென்னையில கூடி சென்னைப் பிரகடனம்னு ஒண்ணு போட்டாங்க. 2014 மார்ச்ல இருந்து எச்-1 பட்டியல் வந்துச்சு. முக்கியமான ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாம விற்கக் கூடாது, விற்றதைக் கடைக்காரர் தனி நோட்டுல எழுதணும்னு விதி. நல்ல விதிதான். ஆனா அது மருந்துக் கடையோட நின்னு போச்சு. வார்டுக்குள்ள எது பரவுதுங்கிற கணக்கு இன்னும் மக்கள் கைக்கு வரல.

கணக்கு வந்தா என்ன ஆகும்னு இங்கிலாந்தைப் பாருங்க. எம்ஆர்எஸ்ஏன்னு ஒரு கிருமி அங்க மருத்துவமனைகளை ஆட்டி வச்சுது. 2001-ல இருந்து ஒவ்வொரு மருத்துவமனையும் ரத்தத்துல எத்தனை பேருக்கு எம்ஆர்எஸ்ஏ வந்துச்சுன்னு கட்டாயம் சொல்லணும்னு ஆக்கினாங்க. பாதியா குறைக்கணும்னு இலக்கு வச்சாங்க. கட்டிலுக்குக் கட்டில் கைக்குப் பூசுற ஆல்கஹால் மருந்து வச்சாங்க. 2003-04-ல 7,700 பேர். 2008-09-ல 3,000-க்கும் கீழ. இதுக்காக எந்த அதிசய மருந்தும் கண்டுபிடிக்கல. எண்ணினாங்க, வெளியில சொன்னாங்க, கேள்வி கேட்டாங்க.

இப்ப எங்க பக்கத்துக்கு வரேன். இது கொஞ்சம் கோபமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

40 கட்டில் வார்டு, ராத்திரிக்கு ஒரே ஒரு நர்ஸ். ஒரு நோயாளியை ராத்திரியில அஞ்சு தடவை தொடுறோம்னு வைங்க. ஆக 200 தடவை. ஒவ்வொரு தடவையும் கையை ஒழுங்கா தேய்க்க 30 விநாடி. மொத்தம் 100 நிமிஷம், கை தேய்க்கவே! அந்த 100 நிமிஷத்தை அந்தப் பொண்ணு எங்க இருந்து எடுப்பா? ஊசி போடுறதுல குறைக்கவா, மூச்சுத் திணறுறவரை அப்புறம் பார்க்கிறேன்னு விடவா? நான் வேலை பார்த்த ஒரு இடத்துல, கை கழுவுற முறையை ஆறு படமா போட்டு அழகா போஸ்டர் ஒட்டியிருந்தாங்க. கீழ குழாயைத் திறந்தா காத்துதான் வரும். ஆய்வுக்கு வந்தவங்க போஸ்டரைப் போட்டோ எடுத்துட்டுப் போனாங்க.

ஐ.சி.யூ.வுல ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் இருக்கணும்னு இந்திய நர்சிங் கவுன்சிலே அளவுகோல் வச்சிருக்கு. தொகுப்பூதியத்துல வருஷக்கணக்கா வேலை பார்க்கிற தங்கச்சிங்க நிரந்தரம் பண்ணுங்கன்னு ரோட்டுல உட்காரும்போது, "இவங்களுக்குச் சம்பளப் பிரச்சினை"ன்னு டிவியில சொல்றாங்க. அது உங்க வீட்டு ஐ.சி.யூ. நோயாளியோட ரத்தத்துல கிருமி ஏறுமா ஏறாதாங்கிற பிரச்சினை. துப்புரவுப் பணியாளருக்கும் இதே கதைதான். ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் ஆளும் மாறினா, எந்த இடத்தை எந்த மருந்துல எத்தனை தடவை துடைக்கணும்னு யாருக்குக் கத்துக்குடுக்கிறது?

அதனால நம்ம கேட்க வேண்டியது இது. அரசு, தனியார்னு பார்க்காம ஒவ்வொரு பெரிய மருத்துவமனையும், இந்த மாசம் எத்தனை பேருக்கு உள்ளே தொற்று வந்துச்சு, எந்தக் கிருமி, எத்தனை ஆன்டிபயாடிக்குக்குக் கேட்கலங்கிறதை நுழைவு வாசல்ல போர்டுல எழுதட்டும். மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 1997-லயே நம்ம மாநிலத்துல சட்டம் போட்டாச்சு. லைசென்ஸ் புதுப்பிக்கிறப்ப இந்தக் கணக்கைக் கேட்டா யார் தடுக்கப் போறா? தனியார்ல அறையை ஏ.சி. போட்டுக் காட்டுறாங்க, இந்த நம்பரை மட்டும் காட்ட மாட்டேங்கிறாங்க. கடைசிக் கட்ட ஊசிக்கு நகையை அடகு வைக்கிற குடும்பத்துக்கு அதைத் தெரிஞ்சுக்க உரிமை இல்லையா?

வார்டுக்குப் போறவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. கும்பலா போகாதீங்க, கட்டில்ல உட்காராதீங்க. "இந்த யூரின் குழாய் இன்னும் வேணுமா சிஸ்டர்?"னு தினமும் கேளுங்க, தேவையில்லாம ஒரு நாள்கூட உள்ளே இருக்க வேண்டாம். தொடுறதுக்கு முன்னாடி கை சுத்தம் பண்ணியாச்சான்னு டாக்டர்கிட்டயும் கேட்கலாம். நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார். சளிக்கும் காய்ச்சலுக்கும் "ஸ்ட்ராங்கா ஒரு ஊசி போடுங்க"ன்னு மட்டும் கேட்காதீங்க. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது.

நோயாளர் நலச் சங்கக் கூட்டங்கள்ல உட்கார்ற நம்ம உள்ளாட்சிப் பிரதிநிதிகள் அடுத்த கூட்டத்துல மூணு கேள்வி எழுத்துல குடுங்க. தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு கடைசியா எப்பக் கூடுச்சு? ராத்திரி ஷிப்ட்ல எத்தனை கட்டிலுக்கு ஒரு நர்ஸ்? வார்டுக் குழாய்ல 24 மணி நேரமும் தண்ணி வருதா? வர்ற பதிலை, வரலைன்னா வரலைங்கிறதையும், மருத்துவ அணிக்கு அனுப்பி வைங்க. மாவட்ட வாரியா தொகுக்கிற வேலையை நானும் சேர்ந்து பார்க்கிறேன்.