தன் கண்ணை நம்பிய எழுத்தாளர்



காட்டுயிர் என்றதும் நம் நினைவுக்கு வருவது புலி. ஆனால் காக்கையும் அணிலும் ஓணானும் கவனிக்கத் தகுந்தவை என்று வாழ்நாள் முழுக்க எழுதினார் ஒரு தமிழர். அவர் மா. கிருஷ்ணன்.

1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' நாவலைத் தந்த அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. மயிலாப்பூரில் வளர்ந்தார். வெளிமானும் நரியும் திரிந்த புதர்க்காடுகள் சென்னையை ஒட்டி இருந்த காலம் அது. மாநிலக் கல்லூரியில் தாவரவியல் அறிஞர் பைசனிடம் பாடம் கேட்டதோடு, அவருடன் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போய்ச் செடிகளை நேரிலேயே படித்தார்.

1942-இல் பெல்லாரியை அடுத்த சண்டூர் சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆசிரியர், நீதிபதி, அரசரின் செயலாளர் எனப் பல பொறுப்புகளை வகித்தார். இடையே ஆடும் மேய்த்தார், புறாவும் வளர்த்தார். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபின், இனி எவரிடமும் சம்பளம் வாங்குவதில்லை என்று சென்னைக்குத் திரும்பினார். எழுத்தும் புகைப்படமுமே அவருடைய பிழைப்பாயின.

1950-இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றி ஒரு பத்தி எழுதத் தொடங்கினார். இரு வாரத்துக்கு ஒருமுறை வந்த அந்தப் பத்தி, 1996 பிப்ரவரியில் அவர் காலமாகும்வரை தொடர்ந்தது. 46 ஆண்டுகள்! தமிழிலும் கட்டுரைகள் எழுதினார்; துப்பறியும் நாவல் ஒன்றும் எழுதினார். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு கேமராவை உருவாக்கிக்கொண்டு, யானைகளைக் கருப்பு வெள்ளையில் படமெடுத்தார். 1970-இல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது.

நேயர்களே, அவரிடம் நான் பெரிதும் மதிப்பது அவருடைய சிந்தனைத் துணிவை. மரம் நட்டாலே நல்லது என்று ஊரெல்லாம் பேசிய காலத்தில், என்ன மரத்தை நடுகிறீர்கள் என்று கேட்டவர் அவர். யூகலிப்டஸ் போன்ற அயல் மரங்களைக் காட்டில் கொண்டுபோய் நடுவதைக் கடுமையாக எதிர்த்தார். அந்தந்த மண்ணில் தானாக முளைத்த புல்லையும் புதரையும் மரத்தையும் நம்பித்தான் அங்குள்ள மானும் பறவையும் வாழ்கின்றன. அவற்றை அழித்துவிட்டு வேறெதை நட்டாலும், பார்வைக்குப் பச்சையாக இருக்குமே தவிர அது காடாகாது. ஒரு நாட்டுக்கு அடையாளம் தருவது அதற்கே உரிய செடிகொடிகளும் உயிரினங்களும்தான் என்பது அவருடைய உறுதியான கொள்கை.

இன்று நிலைமை என்ன? முதுமலையில் அயல் செடிகளான உண்ணிச்செடியையும் மஞ்சள் கொன்றையையும் வேரோடு அகற்றப் பெரும் பணம் செலவாகிறது. நீலகிரியின் புல்வெளிகளை மூடிவிட்ட அயல் சீகை மரங்களை வெட்ட வேண்டியிருக்கிறது. அன்று அவர் சொன்னதன் அருமை இப்போது புரிகிறது.

இந்தத் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? தாமே நேரில் பார்த்ததில் இருந்து என்பேன். பத்துப் பேர் சொன்னதைத் திருப்பிச் சொல்பவருக்குப் பதினோராவது ஆள் வந்து மறுத்தால் தடுமாற்றம் வரும். காட்டில் காத்திருந்து கண்டறிந்தவருக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை.

உங்கள் தெருவில் மரம் நடும் விழா நடந்தால், நடப்போவது எந்த மரம், அதன் பூவுக்கும் பழத்துக்கும் எந்தப் பறவை வரும் என்று தயங்காமல் கேளுங்கள். கிருஷ்ணனுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அதுதான்.