மாதத்தில் எத்தனை நாள் வேலை?

பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலி-எல, அப்புத்தளைப் பக்கங்களிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கும் அம்மாமாரே, ஐயாமாரே, தம்பி தங்கைகளே!

உலக மனநல நாளையொட்டி வேலையைப் பற்றியும் மனதைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். இந்த நாளை உலகம் முதன்முதலாக அனுசரித்தது 1992 ஒக்டோபர் 10இல். அதே 1992இல்தான் அரசாங்கம் நம்முடைய தேயிலைத் தோட்டங்களை 22 கம்பனிகளின் கையில் கொடுத்தது. இரண்டுக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. வருஷம் ஒன்றாகிப் போய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்குக் கம்பனித் தோட்டங்களின் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பதிவில், மூன்று லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். இன்றைக்கு அதில் பாதிப் பேர்கூட இல்லை. மற்றவர்கள் எங்கே? வெள்ளவத்தையில் கடைக்குப் பின்னால் சாக்கு விரித்துப் படுக்கிறார்கள். குவைத்தில் யாருடைய வீட்டிலோ சமைக்கிறார்கள். வெலிமடையில் கிழங்குத் தோட்டத்தில் நாட்கூலிக்கு நிற்கிறார்கள். இன்னும் கொஞ்சப் பேர் எங்கேயும் போகவில்லை. அதே தோட்டத்தில், அதே மலையில், பதிவு இல்லாமல் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் காசு வரும். சேமலாப நிதி கிடையாது. நாளைக்கு வா என்று சொன்னால் வரலாம், சொல்லாவிட்டால் வீட்டில் இருக்கலாம்.

கொழும்பில் இந்தத் தலைப்பில் கூட்டம் போட்டால் வேலைப்பளு, மேலதிகாரியின் கெடுபிடி, ராத்திரி பத்து மணிக்கும் வருகிற மின்னஞ்சல் என்று பேச்சு போகும். அதுவும் வருத்தம்தான், நான் சிரிக்கவில்லை. நம்ம பக்கத்து வருத்தம் அதற்கு நேர் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. நாளைக்குக் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்குப் போனால் வேலை இருக்குமா, இருந்தால் முழுப்பேரா, அரைப்பேரா, அதாவது முழுநாள் சம்பளமா, பாதிநாள் சம்பளமா? இந்தக் கேள்வி ஒரு மனுஷரை என்ன செய்யும் என்பதைத்தான் நான் பேசப் போகிறேன்.

ஜூலை, ஓகஸ்ட், செப்டம்பர் மாதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கச்சான் காற்று நமுனுகுல பக்கம் வறண்டு வீசுகிற காலம். ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் பேர் வாங்கித் தந்த வாசம் அந்தக் காற்றில்தான் இலையில் ஏறுகிறது. தண்ணீர் இல்லாமல் செடி தவிக்கிறது, தவிக்கிற இலையில் மணம் கூடுகிறது. அந்தத் தவிப்புக்குக் கொழும்பு ஏலத்தில் நல்ல விலை உண்டு. ஆனால் அந்த மாதங்களில் செடியில் துளிர் குறைவு. மலையில் நிற்கிற அம்மாவுக்குக் கிலோ வராது.

பின்னேரம் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நிறுவையைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். சாக்கைக் கொக்கியில் மாட்டுகிறார்கள். அந்த அம்மாவின் கண் கொழுந்தில் இருக்காது, கணக்கப்பிள்ளையின் முகத்தில் இருக்கும். காலையில் ஆறு, பகலில் ஐந்து என்று வாய்க்குள் கூட்டிக்கொண்டே நிற்பார். சாக்குக்கு ஒன்று, தண்ணிக்கு ஒன்று என்று கழிப்பார்கள். வெயிலில் இலையே வாடிக் கிடக்கிறது, அதில் என்ன தண்ணி என்று யாரும் கேட்பதில்லை. ஒரு கிலோ குறைந்தது என்று அரைப்பேர் விழும். அவர் ஒன்றும் பேசமாட்டார். நாளைக்கும் அதே தராசுக்குத்தான் வர வேண்டும். லயத்துக்குப் போய், சமைத்து, பிள்ளைகளைப் படுக்க வைத்த பிறகுதான் கணக்குத் தொடங்கும். இந்த மாதம் எத்தனை முழுப்பேர், எத்தனை அரைப்பேர், கடைக்காரருக்கு எவ்வளவு, நகைக்கடை அடகுக்கு எவ்வளவு? தூக்கம் எங்கே வரும்?

குறைந்த சம்பளத்தில் குடித்தனம் நடத்த நம்முடைய தாய்மாருக்குத் தெரியும். எவ்வளவு என்றே தெரியாத சம்பளத்தில் யாராலும் நடத்த முடியாது.

நம்முடைய போராட்டம் எல்லாம் ரூபாயைப் பற்றியே நடந்திருக்கிறது. 2015இல் ஒரு நாளுக்கு ஆயிரம் ரூபா கேட்டோம். 2016இல் எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து 730 என்றார்கள். 2019இல் 750. ஆயிரம் வர 2021 மார்ச் ஆனது. அதுவும் சம்பள நிர்ணய சபை வர்த்தமானி போட்டுத்தான் வந்தது. வந்த கையோடு கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. ஒப்பந்தம் போனதும் என்ன நடந்தது? பல தோட்டங்களில் ஒரு பேருக்கு எடுக்க வேண்டிய கிலோ ஏறியது. சில இடங்களில் நாள் குறைந்தது. ரூபாயை ஒரு கையால் கூட்டிக் கொடுத்து, வேலை நாட்களை மறு கையால் எடுத்தார்கள். 2024 செப்டம்பரில் 1350 வந்தது. 2026ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 1550 என்றும், வேலைக்கு வருகிற நாளுக்கு அரசாங்கம் தரும் 200 சேர்த்து 1750 என்றும் அறிவித்தார்கள். சந்தோஷம். ஆனால் வருகிற நாளுக்குத்தானே 200? வர விடாத நாளுக்கு? ஆயிரத்து எழுநூற்றைம்பதைப் பன்னிரண்டால் பெருக்கினால் ஒரு விடை, இருபத்தைந்தால் பெருக்கினால் இன்னொரு விடை. மேடையில் தலைவர்கள் முதல் எண்ணான ரூபாயைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள். இரண்டாவது எண்ணான நாட்களைச் சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

அந்த இரண்டாவது எண்ணைத் தீர்மானிக்கிறவர் நம்மில் ஒருவரும் இல்லை. 2021 ஏப்ரலில் ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். அந்த வருஷம் கிட்டத்தட்ட 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி அடுத்த வருஷம் 25 கோடி கிலோவாக இறங்கியது. முடிவு எடுத்தது கொழும்பில். அரைப்பேர் விழுந்தது ஸ்பிரிங்வெலி, தெமோதரைத் தோட்டங்களில்.

வேலை இல்லாத நாள் மனுஷரை என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன். ஆஸ்திரியா நாட்டில் மரியந்தால் என்று ஒரு சின்ன ஊர். ஊர் முழுவதும் ஒரே பஞ்சாலையை நம்பியிருந்தது. 1930 வாக்கில் ஆலையை மூடினார்கள். மரீ யஹோடா என்ற பெண்ணும் அவருடைய தோழர்களும் அங்கே போய், வேலை போனால் மனுஷருக்கு என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். நேரம் நிறைய இருக்கிறதே, ஆட்கள் நிறைய வாசிப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது பாதியாகக் குறைந்திருந்தது, அதுவும் கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகு. ஆண்கள் தெருவில் நடக்கிற வேகம்கூடக் குறைந்திருந்தது, நின்று நின்று நடந்தார்கள். பெண்களுக்கு மட்டும் வீட்டு வேலை ஓயவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம லயத்து வாசல்தான் ஞாபகம் வந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்து குந்தியிருக்கிற ஆண்கள். மலையிலிருந்து இறங்கி விறகோடு வருகிற பெண்கள். தோட்டத்து ஆண் குடிக்கிறான் என்று எல்லோரும் சொல்கிறோம். குடிக்கிறான், அதனால் வீட்டுக்கு வருகிற கேட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்த மனுஷனுடைய பின்னேரத்தை யார் காலியாக்கினார்கள் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள் என்கிறேன்.

நமக்கு இன்னொன்றும் உண்டு. வேலையோடு வீடும் கட்டிப் போடப்பட்டிருக்கிறது. குடும்பத்தில் ஒருவராவது செக்ரோலில் இல்லாவிட்டால், குடியிருக்கிற லயக் காம்பராவைப் பற்றிப் பேச்சு வரும். மீரியபெத்த தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண் சரிந்தது. சரியும் என்று தெரிந்த மலையடிவாரத்தில் ஏன் இருந்தார்கள் என்று பத்திரிகையில் கேட்டார்கள். வேறு எங்கே போய் இருப்பது? 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் நம்முடைய பதுளை மாவட்டம்தான் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. மழை பெய்கிற ராத்திரியில் மலையைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கிறவர், காலையில் ஏழு மணிக்குப் பிரட்டுக்களத்தில் நிற்கிறார்.

இப்படி இருக்கிற ஆள் மருந்துக் காம்பராவுக்குப் போய் என்ன சொல்வார்? மனச்சோர்வு என்று சொல்லமாட்டார். தலைகுத்து என்பார், நெஞ்சு படபடக்குது என்பார், கை கால் ஓய்ஞ்சு போச்சு என்பார். பனடோல் கொடுப்பார்கள். இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வருவார், திரும்பவும் பனடோல். பிறகு வீட்டில் ஏதோ காத்துக் கறுப்பு என்று சாமி பார்க்கக் கூட்டிப் போவார்கள். பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு வரலாம். ஆனால் மனநலக் கிளினிக் வேலை நாளில்தான் இருக்கும். அன்றைய பேர் போகும், பஸ் காசு போகும், அங்கே தமிழில் பேச ஆள் கிடைப்பது அன்றைய அதிர்ஷ்டம். உள்ளே இருக்கிற துக்கத்தை அரைகுறைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது?

இது விதி, மாற்ற முடியாது என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1995இல் தற்கொலையில் உலகத்தின் முன்வரிசையில் நின்ற நாடு நம்முடையது. ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர். அதற்குப் பிறகு கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். தோட்டத்தில் புல்லுக்கு அடித்த பரகுவாட்டும் அதில் சேர்ந்தது. 1998இல், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கிய சட்டத்தையும் நீக்கினார்கள். இன்றைக்கு அந்த எண் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியிருக்கிறது. வாழ்க்கை அருமையானது என்று யாரும் லயம் லயமாகப் போய்ப் பிரசங்கம் செய்து இறக்கியதில்லை. விதிமுறையை மாற்றினார்கள், ஆயிரக்கணக்கான உயிர் மிஞ்சியது. ஆகவே யோகா சொல்லிக் கொடுக்கிறோம், மனதைத் திடப்படுத்துகிறோம் என்று தோட்டத்துக்கு வருகிற நல்லவர்களைக் கும்பிட்டு வரவேற்போம், அவர்களிடம் செக்ரோலையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகச் சொல்வோம்.

இங்கே முன்வரிசையில் தொழிற்சங்கத் தலைவர்கள் இருக்கிறார்கள். ஐயா, மாதாமாதம் எங்கள் சம்பளத்திலிருந்து சந்தா பிடிக்கிறீர்கள், அந்த உரிமையில் கேட்கிறேன். அடுத்த முறை சம்பள நிர்ணய சபையில் உட்காரும்போது ரூபாயோடு வேலை நாட்களையும் கேளுங்கள். பதிவில் இருக்கிற ஒருவருக்கு மாதத்தில் குறைந்தது இத்தனை நாள் வேலை என்று எழுத்தில் வரவேண்டும். வறட்சியாலோ மழையாலோ கம்பனியால் வேலை கொடுக்க முடியாத நாளுக்கு ஒரு தொகை இருக்க வேண்டும். கைக்காசில் வருஷக்கணக்காக எடுக்கிறவர்களைப் பதிவில் சேர்க்க வேண்டும். கிளினிக் துண்டு கொண்டு வந்தால் அந்த நாளைப் பேராகக் கணக்குப் பார்க்க வேண்டும். மாகாண சுகாதாரத் திணைக்கள அதிகாரிகள் வந்திருந்தால், கிளினிக்கில் தமிழ் பேசுகிற உளவளத்துணையாளர் ஒருவரை நிரந்தரமாகப் போடுங்கள்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. யாராவது பல நாளாகத் தூங்காமல், சாப்பிடாமல், ஆளோடு பேசாமல் இருந்தால் சாமி பார்ப்பதற்கு முன்னால் 1926க்கு ஒரு கோல் எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. ராத்திரியிலும் எடுக்கலாம். தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை. இலக்கத்தை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். போன் இல்லாத பக்கத்துக் காம்பராவுக்கும் எழுதிக் கொடுங்கள்.