முதுமையில் சீனி குறைதல்: அம்மாக்களிடம் கேட்க வேண்டிய கேள்வி

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் வயதினருக்கு இது அம்மாக்களைப் பராமரிக்கும் காலம். சீனி கூடுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். குறைவதைப் பற்றிப் பேசுவது குறைவு. வயது போனவர்களுக்கு வியர்வையும் நடுக்கமும் இல்லாமலே, தடுமாறிய பேச்சாக, தள்ளாட்டமாக, அளவுமீறிய அயர்வாக அது வரலாம். "வயது போனால் இப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம்.

பெரும்பாலும் காரணம் நீரிழிவுக் குளிசைதான். கிளிபென்கிளமைட் போன்றவை, சிறுநீரகம் தளர்ந்தவர்களின் உடலில் நீண்ட நேரம் வேலை செய்யும். விரதமிருந்துகொண்டு குளிசையை மட்டும் போட்டால் சீனி இறங்கும். அளவு 70க்குக் கீழே போனால், நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் பாருங்கள். நினைவில்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. தெளிந்தாலும் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள்; அந்தச் சீனி மறுபடியும் இறங்கக்கூடும்.

நீரிழிவே இல்லாத அம்மாவுக்குச் சீனி இறங்கினால்? அப்போது கேளுங்கள்: "பிள்ளை பெற்றபோது இரத்தம் நிறையப் போனதா? பிறகு பால் சுரந்ததா? மாதவிடாய் திரும்பி வந்ததா?"

கர்ப்பகாலத்தில் மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி பெருக்கும். பிரசவத்தில் இரத்தம் பெருமளவு போனால், அந்தச் சுரப்பிக்கு இரத்தம் கிடைக்காமல் அதன் பகுதி இறந்துவிடும். இதை 1937இல் விவரித்த ஷீஹன் என்ற மருத்துவரின் பெயராலேயே இந்நோய் அழைக்கப்படுகிறது. பால் சுரக்காது, மாதவிடாய் வராது, களைப்பும் குளிரும் தொடரும். கோட்டிசோல் என்ற ஓமோன் குறைவதால், பல ஆண்டுகள் கழித்து ஒரு காய்ச்சலிலோ வயிற்றோட்டத்திலோ சீனியும் இரத்த அழுத்தமும் விழும்.

கட்டைபறிச்சான், சம்பூர், மூதூர்ப் பக்கத்து அம்மாக்களுக்கு இது தூரத்து நோயல்ல. போர்க்காலத்தில் திருகோணமலைக்குப் போகக் கொட்டியாரக் குடாவைக் கடக்கும் லோஞ்சை நம்பியிருந்தோம். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல்தான். அதற்கு முன்பு பிள்ளை பெற்றவர்களே இன்று அறுபதையும் எழுபதையும் கடந்து எங்கள் வீட்டுத் திண்ணைகளில் இருக்கிறார்கள். பெற்ற அன்று பட்டதை அவர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள். நாங்கள்தான் கேட்க வேண்டும்.

இதற்கு மருந்து உண்டு. ஹைட்ரோகோட்டிசோன் குளிசையை நாள்தோறும் எடுக்க வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் மருத்துவர் சொன்னபடி கூட்ட வேண்டும். தைரொயிட் குளிசையும் தேவைப்படலாம். ஆனால் ஹைட்ரோகோட்டிசோனை முதலில் தொடங்காமல் அதை மட்டும் கொடுப்பது உயிருக்கே ஆபத்து.

வெளிநாடுகளில் வாழும் சகோதரிகளே, அடுத்தமுறை அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது இந்தக் கேள்வியையும் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி, கிளினிக் கொப்பிக்குள் வைக்கச் சொல்லுங்கள். பார்க்கும் வைத்தியருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.