ஆயா சொன்னதும் ஆவணம் சொன்னதும்



நினைவுச் சொற்பொழிவில் மறைந்தவரைப் போற்றிப் பேசுவது வழக்கம். நான் நினைவையே பேசுபொருளாக எடுத்துக்கொள்கிறேன். நம் இளைஞர்கள் பலர் தங்கள் குடும்ப வரலாற்றை எழுத முனைந்திருக்கிறார்கள். வீட்டில் கேட்ட கதையில் எது நடந்தது, எது பின்னால் வந்து சேர்ந்தது என்று பிரித்தறிவது எப்படி என்பதே இன்றைய கேள்வி.

“நம்மிடம் ஏடு இல்லை, பட்டயம் இல்லை. இருப்பது கதை மட்டும்தான். அதையும் சந்தேகிக்கச் சொல்கிறீர்களா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம் கதையை நாம் சோதிக்காவிட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சோதிப்பார். அப்போது ஒரு பொய்யைக் காட்டி நூறு உண்மைகளைத் தள்ளிவிடுவார்.

அலெக்ஸ் ஹேலியின் நூல் ஓர் எடுத்துக்காட்டு. 1976இல் வந்த ‘ரூட்ஸ்’, தமிழில் ‘ஏழு தலைமுறைகள்’ ஆகி நம் இயக்கத் தோழர்கள் பலரின் கைகளுக்கு வந்தது. காம்பியாவின் ஜுஃபூரே கிராமத்தில் பிடிக்கப்பட்ட குண்டா கிண்டே, 1767இல் ‘லார்ட் லிகோனியர்’ கப்பலில் அன்னாபொலிசில் இறக்கப்பட்டு, வர்ஜீனியாவின் வாலர் குடும்பத்துக்கு விற்கப்பட்டு, டோபி என்று பெயர் மாற்றப்பட்டான். அவனே என் மூதாதை என்றார் ஹேலி. கப்பல் வந்தது உண்மை. வாலர் குடும்பம் இருந்தது உண்மை. அவர்களிடம் டோபி என்ற அடிமை இருந்ததும் உண்மை. ஆனால் கேரி மில்ஸ், எலிசபெத் ஷோன் மில்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வர்ஜீனியா ஆவணங்களைத் தேடி 1981இல் எழுதினார்கள்: அந்த டோபி, கப்பல் வருவதற்கு முன்பே, 1762இலேயே வாலர்களிடம் இருந்தார். தனித்தனியே உண்மையான மூன்று செய்திகள். அவற்றைச் சேர்த்துக் கட்டிய முடிச்சுதான் தவறு. ஜுஃபூரேயில் வம்சக்கதை சொன்ன முதியவருக்கு ஹேலி எதைத் தேடி வருகிறார் என்பது முன்பே தெரிந்திருந்தது என்ற செய்தியும் 1977இலேயே லண்டன் பத்திரிகையில் வந்தது.

இதனால் அடிமைமுறை பொய்யாகிவிடாது. ஆனால் அதை மறைக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிடுகிறது. நமக்கு இதில் இரண்டு பாடங்கள். ஒன்று, பெயர் ஒன்றாக இருப்பதால் ஆள் ஒன்றாகிவிடாது. நம் சேரிகளில் தாத்தன் பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். ஒரே தெருவில் மூன்று முனியன்கள் இருப்பார்கள். தகப்பன் பெயர், மனைவி பெயர், நிலத்தின் எல்லை ஆகிய மூன்றும் பொருந்தாமல் ஆளை முடிவு செய்யாதீர்கள். இரண்டு, விடையைச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்காதீர்கள். “நமக்கு நிலம் இருந்ததாமே?” என்று கேட்டால் “ஆமாம்” என்றுதான் பதில் வரும். “உங்கள் அப்பா எங்கே ஏர் ஓட்டினார்?” என்று கேளுங்கள்.

அப்படியானால் காகிதத்தை அப்படியே நம்பலாமா? கூடாது. 1850, 1860ஆம் ஆண்டுகளின் அமெரிக்க அடிமைக் கணக்கெடுப்பில் எசமானின் பெயர் இருக்கும்; அடிமைக்குப் பெரும்பாலும் வயது, பால், நிறம் மட்டுமே இருக்கும். விடுதலை பெற்றவர்கள் பெயரோடு எழுதப்பட்டது 1870இல்தான். இங்கும் ஆட்களை விற்ற ஓலைகள் உண்டு. 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டத்துக்குப் பிறகே, மனிதர் மீதான உடைமையை நீதிமன்றங்கள் ஏற்க மறுத்தன. எழுதியவன் கை எசமானின் கை. அதில் நம் பெயர் இல்லை என்பதால் நாம் இல்லை என்றாகாது. பெயர் இருந்தாலும் மாறியிருக்கும். பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று எழுதச் சென்னை அரசு 1922இல் ஆணையிட்டது. அதற்கு முன் ஒரு பெயரிலும் பின் வேறு பெயரிலும் பதிவான குடும்பத்தை இரண்டு குடும்பங்களாக எண்ணிவிடக்கூடாது.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 செப்டம்பர் 30ஆம் நாள் வந்த அரசாணையின் வழியே நம் மக்களுக்குப் பஞ்சமி நிலம் ஒப்படைக்கப்பட்டது. அது பறிபோன கதை ஊருக்கு ஊர் உண்டு. எங்கள் வீட்டிலும் உண்டு. ஒரு மூட்டை கேழ்வரகுக்கு எழுதி வாங்கிவிட்டார்கள் என்பார் என் ஆயா. கல்யாணக் கடனுக்குப் போனது என்பார் பெரியப்பா. கைநாட்டே பொய் என்பார் அத்தை. மூவரும் மாறாமல் சொன்னது ஒன்றுதான்: ஏரிக்கரைக்குத் தெற்கே, பாழுங்கிணற்றுக்குப் பக்கத்தில். யாருடைய பெருமைக்கும் உதவாத தகவல் பெரும்பாலும் நம்பத் தகுந்தது. பதிவேட்டில் தேடத் தொடங்க அந்தக் கிணறு போதும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பஞ்சமி நிலத்தை முதல் பத்தாண்டுகளுக்கு யாருக்கும் கைமாற்றக்கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. ஆகவே கேழ்வரகா, கடனா, பொய்க் கைநாட்டா என்று நாம் நிரூபிக்கத் தேவையே இல்லை. நிலம் பஞ்சமியாக ஒப்படைக்கப்பட்டதா? இப்போது யாரிடம் இருக்கிறது, எப்போது போனது? இவைதான் கேள்விகள். இவற்றுக்குப் பழைய நிலவரித்திட்டப் பதிவேடும், ‘அ’ பதிவேடும், வில்லங்கச் சான்றும் பதில் சொல்லும். 1980களில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பதிவுகள் புதிதாக எழுதப்பட்டன; அதற்கு முந்தைய பதிவையும் சேர்த்துக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. கேழ்வரகு மூட்டையை மனுவில் முதல் வரியாக எழுதினால், வழக்கு அந்த மூட்டையிலேயே சிக்கிக்கொள்ளும்.

அப்படியென்றால் ஆயாவின் கதையைத் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம். மூட்டை நடந்ததோ இல்லையோ, பசி நடந்தது. ஒரு வேளைச் சோற்றுக்கு நிலம் போகும் என்பதை நம்பும்படி அந்தத் தலைமுறை வாழ்ந்தது. “பார்ப்பானுக்கு மூத்தவன் பறையன், கேட்பாரில்லாமல் கீழ்ச்சாதி ஆனான்” என்ற பழமொழியும் அப்படித்தான். அதைச் சான்றாகக் காட்டி வம்சாவளி எழுத முடியாது. ஆனால் இழிவை இயற்கை என்று நம் முன்னோர் ஒருபோதும் ஏற்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. “நாங்கள் ஆண்ட பரம்பரை” என்று ஆதாரமின்றி எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. மனிதனாக மதிக்கப்பட ஒருவன் அரசனின் பேரனாக இருக்க வேண்டியதில்லை.

ஆகவே எழுதும்போது மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள்: கண்டவர் சொன்னது, கேட்டவர் சொன்னது, ஆவணம் சொல்வது. யார் சொன்னார், எப்போது, அப்போது அவருக்கு என்ன வயது என்று குறியுங்கள். இரண்டு கூற்றுகள் முரண்பட்டால் இரண்டையும் வைத்திருங்கள். ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள்.

1994 அக்டோபர் 10ஆம் நாள், காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் துறந்தார்கள். அவர்கள் கேட்ட நிலத்தின் சர்வே எண்கள் இன்னும் பல ஊர்களில் தேடப்படாமல் கிடக்கின்றன. தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். முதல் கேள்வியாக, அந்தக் கிணறு எங்கே இருந்தது என்று கேளுங்கள்.