இளையோர் கதைகளில் இசையும் நட்பும்



சில மாதங்களுக்கு முன் எங்கள் கல்லூரி நூலகத்தில் தரம் 10 மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "சேர், எங்க வயசு பசங்களப் பத்தி ஏதும் கதப் புத்தகம் இருக்கா?" என்று கேட்டான். நான் அலுமாரியைப் பார்த்தேன். ஒரு தட்டில் சிறுவர் கதைகள் இருந்தன. சிங்கமும் முயலும் பேசும் கதைகள். அதற்கு மேல் தட்டில் பெரியவர்களுக்கான நாவல்கள் இருந்தன. பதின்மூன்று வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடையில் நிற்கும் அந்தப் பிள்ளைக்கு இரண்டு தட்டிலும் எதை எடுத்துக் கொடுப்பது என்று எனக்கு உடனே தோன்றவில்லை.

மேல்நாட்டு நூலகங்களில் இப்பருவத்தினருக்கென்று தனி அலுமாரியே உண்டு. எஸ். ஈ. ஹின்டன் என்ற அமெரிக்கப் பெண் பாடசாலை மாணவியாக இருந்தபோதே எழுதத் தொடங்கி, 1967 ஆம் ஆண்டு 'தி அவுட்சைடர்ஸ்' என்ற நாவலை வெளியிட்டார். தன் வயதினரைப் பற்றித் தானே எழுதிய அந்த நூல் இவ்வகை இலக்கியத்திற்குப் பெரும் உந்துதலாக அமைந்தது. நம் நாட்டிலும் முன்னோடி இல்லாமல் இல்லை. மார்ட்டின் விக்கிரமசிங்க 1947 ஆம் ஆண்டு எழுதிய 'மடோல் தூவ' உபாலி, ஜின்னா என்ற இரு சிறுவர்களின் கதை. ஜின்னா உபாலியின் வீட்டு வேலைக்காரப் பையன். எனினும் அவர்களது நட்பில் அந்த வேற்றுமை மெல்ல மெல்லக் கரைந்துவிடுகிறது. சிங்களப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அந்நூலைப் படித்து வருகிறார்கள்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இளையோர் கதைகளில் ஒரு குறிப்பிட்ட வகையை. இசையைக் கற்கும் ஓர் இளைஞன், அவனுக்கு ஒரு நண்பன், 'நான் யார்' என்ற கேள்வி. இம்மூன்றும் சேரும் கதைகள். இசை ஏன் இங்கே முக்கியமாகிறது? அந்த வயதில் மனத்தில் இருப்பதைச் சொல்லச் சொற்கள் கிடைப்பதில்லை. பாட்டாலும் தாளத்தாலும் சொல்லிவிடலாம். ஆகவேதான் பதினைந்து வயதுப் பிள்ளை மேசையில் விரலால் தட்டிக்கொண்டே இருக்கிறது.

இவ்வகைக் கதைகளில் உலகப் புகழ் பெற்றது, பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலன்ட் 1904 முதல் 1912 வரை பத்துப் பாகங்களாக எழுதிய 'ஜோன் கிறிஸ்தோப்'. ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் பிறந்த ஓர் இசைக் குழந்தை வளர்ந்து பெரும் இசையமைப்பாளனாகும் வரலாறு அது. தந்தை குடிகாரர், பிள்ளையின் திறமையைக் காட்டிப் புகழ் தேட எண்ணி அவனைப் பியானோ முன் கட்டாயப்படுத்தி உட்கார வைக்கிறார். அச்சிறுவனுக்குக் கொட்பிரீட் என்று ஒரு மாமன். மூட்டை சுமந்து ஊர் ஊராகச் சென்று சில்லறைச் சாமான் விற்பவர். வீட்டில் யாரும் மதிக்காதவர். ஒரு மாலையில் அவர் ஆற்றங்கரையில் அமர்ந்து எளிய பாட்டொன்றைப் பாடுகிறார். சிறுவன் திகைத்துப் போகிறான். பின்னர் தான் இயற்றிய இசையை அவன் பெருமையோடு மாமனுக்குக் காட்டும்போது, இதை எதற்காகச் செய்தாய் என்று அவர் கேட்கிறார். பெரிய ஆளாக வருவதற்காகப் பாட்டுக் கட்டினால் அது பாட்டாகாது என்பது அவர் உணர்த்தும் பாடம். வளர்ந்த பின் கிறிஸ்தோப்புக்கு ஒலிவியே என்ற பிரெஞ்சு நண்பன் கிடைக்கிறான். பகை நாடுகள் இரண்டின் பிள்ளைகள் நண்பர்களாவதையே அந்நாவலின் உயிர்நாடி எனலாம்.

தமிழில் இதற்கு இணையாக எதைச் சொல்வது? தி. ஜானகிராமனின் 'மோகமுள்' என்றே நான் சொல்வேன். ஜானகிராமன் முறையாகச் சங்கீதம் கற்றவர். பத்தாண்டுகள் பாடசாலை ஆசிரியராக இருந்து, பின் அகில இந்திய வானொலியில் கல்வி ஒலிபரப்புப் பகுதியில் பணியாற்றியவர். ஆகவே என் தொழிலுக்கும் இந்த ஒலிவாங்கிக்கும் அவர் சொந்தக்காரர். 'சுதேசமித்திரன்' இதழில் தொடராக வந்த மோகமுள் பின்னர் நூலாகியது. 1995 ஆம் ஆண்டு ஞான ராஜசேகரன் அதைத் திரைப்படமாகவும் எடுத்தார்.

கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கும் பாபு, தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனா மீது மோகம் கொள்கிறான். அந்நாவலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அம்மோகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். நான் ஓர் ஆசிரியனாகப் படிக்கும்போது என் கண்ணில் படுவோர் வேறு இருவர். ஒருவன் நண்பன் ராஜம். பாபு தன்னையே வெறுத்துக்கொள்ளும் நேரங்களில் அவன் சொல்வதை முகம் சுளிக்காமல் கேட்பவன். மற்றவர் குரு ரங்கண்ணா. மேடைக் கச்சேரியைத் துச்சமாக எண்ணி, ஒற்றை ஸ்வரத்தைச் சுத்தமாகப் பிடிக்க ஆயுள் போதாது என்று வாழ்பவர். ரங்கண்ணா மறைந்த பின்னர், மேடையேறினால் புகழ் காத்திருக்கும் வேளையிலும் பாபு ஏறவில்லை. தன் குரல் இன்னும் பக்குவப்படவில்லை என்று தானே ஒப்புக்கொண்டு, குரற்பயிற்சி பெற மகாராஷ்டிரத்துக்குப் புறப்படுகிறான். தன்னை ஏற்றுக்கொள்ளுதல் என்பது தன் குறையை மறைப்பதன்று, அதைக் கண்திறந்து பார்ப்பது என்பதை இதைவிட அழகாகச் சொன்ன தமிழ் நாவல் எனக்குத் தெரியாது.

அதே ஜானகிராமனின் 'செய்தி' என்ற சிறுகதையை உயர்தர மாணவர்களுக்கு நான் தவறாமல் வாசித்துக் காட்டுவதுண்டு. பரம்பரை நாதஸ்வர வித்துவான் ஒருவர் வக்கீல் வீட்டில் வாசிக்கிறார். கேட்க வந்திருப்பவர்களில் பிலிப் போல்ஸ்கா என்ற மேல்நாட்டு இசைக்கலைஞரும் ஒருவர். வித்துவான் சாமா ராகத்தில் தியாகையரின் 'சாந்தமுலேகா' கீர்த்தனையை வாசிக்கும்போது, மொழியறியாத அம்மனிதர் அதன் செய்தியைச் சரியாகப் பிடித்துவிடுகிறார். புதுப்பாணி வாசிப்பில் ஆசை வைத்த மகன்மீது மனத்தாங்கலோடிருந்த தந்தைக்கு, தன் வாசிப்பின் பெறுமதி ஓர் அந்நியரின் கண்ணீரில் தெரிகிறது.

நேயர்களே, இவ்வளவும் நூற்கல்வி. இனி என் சொந்த வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். சொல்வதில் எனக்குப் பெருமை இல்லை.

நான் ஆசிரியனாகி இரண்டாம் ஆண்டு. அப்போது மாத்தளை மாவட்டத்தில் வேறொரு பாடசாலையில் கற்பித்தேன். அதன் பெயர் இங்கு வேண்டாம். வகுப்பில் இரு நண்பர்கள். ஒருவன் நன்றாகப் பாடுவான். சங்கீதத்தைப் பாடமாக எடுத்தவன். மற்றவன் எந்நேரமும் இரண்டு பேனாக்களால் மேசையில் தாளம் போடுவான். அவனது தகப்பனார் தோட்டத்தில் தப்படிப்பவர். தமிழ்த் தினப் போட்டிக்கு நாட்டார் பாடல் ஒன்றைத் தயார் செய்தோம். பாடகன் என்னிடம் வந்து, "சேர், இவன் வீட்டுத் தப்ப கொண்டாந்து அடிச்சா நல்லா இருக்கும்" என்றான். நான் யோசிக்கவே இல்லை. "அதெல்லாம் மேடைக்குச் சரிவராது, மிருதங்கம் போதும்" என்று சொல்லிவிட்டேன்.

தாளம் போடும் பையன் எதுவும் பேசவில்லை. மறுவாரம் அவனைக் கைத்தாளம் போடவாவது வா என்று அழைத்தபோது, "எனக்குத் தாளம் வராது சேர்" என்றான். அதன் பின்னர் அவன் மேசையில் தட்டியதை நான் கேட்கவில்லை. பாடகனும் தொண்டை சரியில்லை என்று சொல்லி விலகிக்கொண்டான். அவன் தொண்டைக்கு ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். நண்பனுக்காக அவன் அதைச் செய்தான். என் வகுப்பில் அன்று ராஜம் இருந்தான். ரங்கண்ணாதான் இல்லை.

அந்தத் தப்பு எத்தகைய வாத்தியம் என்பதை நான் பின்னர்தான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன். மரச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, நெருப்பில் காய்ச்சிச் சுருதி ஏற்றி, ஒரு கையில் மெல்லிய நீண்ட குச்சியும் மறு கையில் தடித்த குட்டைக் குச்சியும் கொண்டு அடிப்பது. பிறப்புக்கும் திருவிழாவுக்கும் சாவுக்கும் வேறு வேறு அடிகள். அந்நாளில் விடியற்காலையில் தொழிலாளரைப் பெரட்டுக் களத்துக்கு எழுப்பி அழைத்ததும் அதுதான். மாசி மாதக் காமன் கூத்தில் ரதியும் மன்மதனும் ஆடுவது அதன் அடிக்குத்தான். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மாத்தளையை வந்தடைந்த நம் மூதாதையர் இந்த வாத்தியத்தையும் பாட்டையும் கூடவே கொண்டுவந்தார்கள். அவர்கள் நடந்த பாதையில், 2023 ஆம் ஆண்டு, மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்து வந்தார்கள்.

அப்படியிருந்தும் அப்பையன் வெட்கப்பட்டது ஏன்? நான் வெட்கப்பட்டதால்தான். சாதியின் பெயரால் அவ்வாத்தியத்தின்மீது ஒட்டப்பட்ட இழிவை நான் அறியாமலே என் நாவில் சுமந்திருந்தேன். மிருதங்கத்திலும் மாட்டுத்தோல் உண்டு என்பதை அன்று யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை. நானும் எண்ணிப் பார்க்கவில்லை. 2025 ஆம் ஆண்டு மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்த செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த இரண்டு பேனாக்கள்தாம்.

இப்போது அந்நூல்களை மீண்டும் பார்க்கிறேன். கொட்பிரீட் மாமனும் ரங்கண்ணாவும் மேடையும் புகழும் வேண்டாம் என்கிறார்கள். உயர்ந்த கொள்கைதான். ஆனால் மேடை வேண்டாம் என்று சொல்வதற்கு முதலில் ஒருவனுக்கு மேடை திறந்திருக்க வேண்டும். பாபு ஏற மறுத்த மேடையை என் மாணவனுக்கு நான் மறுத்தேன். பாபுவின் போராட்டம் தன் குரலோடு. என் மாணவனின் போராட்டமோ பிறர் செவியோடு. 'செய்தி' வித்துவானுக்கு எங்கிருந்தோ ஒரு போல்ஸ்கா வந்தார். தோட்டத்து லயத்துப் பையனுக்கு யார் வருவார்? அவனுக்கு வந்தவன் பக்கத்து வாங்கில் இருந்த நண்பன். முதல் ரசிகன் நண்பன்தான். இந்தக் கதையை மோகமுள் சொல்லவில்லை. ஜோன் கிறிஸ்தோப்பும் சொல்லவில்லை. அது இன்னும் எழுதப்பட வேண்டிய கதை.

எழுதுவதற்கு மூலப்பொருள் நம்மிடம் நிறைய உண்டு. 1947 ஆம் ஆண்டு தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகத் திரட்டிய நாட்டார் பாடல்கள் நூலாக உள்ளன. எங்கள் மாத்தளை வடிவேலன் மலையகப் பாரம்பரியக் கலைகளைப் பற்றி நூல் எழுதியிருக்கிறார். மலரன்பனும் மாத்தளை சோமுவும் தோட்ட வாழ்வைச் சிறுகதைகளாக்கியிருக்கிறார்கள். ஆனால் அக்கதைகள் பெரியவர்களின் துயரத்தைப் பெரியவர்களுக்குச் சொல்பவை. அவற்றில் பிள்ளைகள் வருகிறார்கள். பிள்ளைகளுக்காக அவை எழுதப்படவில்லை. இளையோர் கதை என்றதும் நம்மில் பலர் அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுகிறோம். பதினைந்து வயதுப் பிள்ளை அறிவுரையைத் தேடிக் கதையிடம் வருவதில்லை. தன்னைப் போல் இன்னொருவன் இருக்கிறானா என்று பார்க்கவே வருகிறது.

சில ஆண்டுகளின் பின் எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் காமன் கூத்துப் பார்க்கச் சென்றிருந்தேன். பாடிக்கொண்டிருந்தவனின் குரல் எனக்குத் தெரிந்த குரலாக இருந்தது. அருகில் தீ மூட்டித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்த இளைஞன் என்னைக் கண்டு எழுந்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்த என்னை அவன் உடனே அடையாளம் கண்டுகொண்டான். பழையதைப் பற்றி நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "இருங்க சேர், இது காயட்டும். அடிக்கிறதக் கேக்காமப் போயிறாதீங்க" என்றான். அன்று விடியும் வரை இருந்து கேட்டேன். இருவருக்கும் என் மன்னிப்போ என் பாராட்டோ தேவைப்படவில்லை. ஒருவனை ஒருவன் பார்த்துப் பார்த்து, ஒருவன் பாட ஒருவன் அடித்தான்.

புத்தகம் கேட்ட அந்தத் தரம் 10 மாணவனுக்கு 'மடோல் தூவ'வின் தமிழாக்கத்தைத் தேடிக் கொடுத்தேன். படித்து முடித்துத் திருப்பித் தந்தபோது அவனிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, உனக்கு வேண்டிய கதையை நீயே எழுதத் தொடங்கு என்று சொல்லியிருக்கிறேன். ஹின்டன் தொடங்கிய வயதும் ஏறக்குறைய அதுதானே. இதுவரை நான்கு பக்கம் எழுதியிருக்கிறான். எழுத்துப் பிழைகள் நிறைய உண்டு. நான் இன்னும் சிவப்புப் பேனாவைத் தொடவில்லை.

எழுத்தாளர்களாக இருக்கும் நேயர்களுக்கும் என் வேண்டுகோள் இதுவே. அந்த இரண்டு தட்டுக்களுக்கும் நடுவில் ஒரு தட்டு வெறுமையாக இருக்கிறது. அதற்கு ஒரு நூலேனும் தாருங்கள்.