பல் முளைக்குமுன்

 

பிள்ளைக்குக் கடைவாய்ப் பல் முளைக்கலேன்னா, “வயித்துல சுமக்கறப்போ என்னத்தைத் தின்னே?” என்று தாயைத்தான் ஏசுகிறோம். பல்லின் வேலையோ, கரு ஆறு வாரமாகும்போதே தொடங்கிவிடுகிறது. எல்லா உயிரணுவிலும் மரபணுக்கள் ஒன்றேதான். எது, எங்கே விழித்துக்கொள்கிறது என்பதில்தான் சூட்சுமம்.

அதைக் காண, பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் சுண்டெலிக் கருவின் தாடையைப் பாக்குச் சீவல்போல அரிந்து, அடையாளமிட்ட துணுக்கு ஒன்றை அதில் சேர்த்தார்கள். விழித்திருக்கும் மரபணு எழுதிய செய்தியில் மட்டும் அது ஒட்டும்.

‘பாக்ஸ்-9’ என்ற மரபணு, பல் வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே விழிக்கிறது. அது பழுதாகி, ஒரே குடும்பத்திலே பலருக்குக் கடைவாய்ப் பற்கள் இல்லாமற்போனதை 2000-இல் அமெரிக்காவில் கண்டார்கள். இந்தப் பழுது தகப்பன் வழியாகவும் வரும். அம்மாவை ஏசுமுன், ஐயா, உங்க வாயையும் கொஞ்சம் கண்ணாடியிலே பாருங்க.