தீவுக்குச் செல்வோரும் தீவில் வாழ்வோரும்



வேடசந்தூர் வானம் பார்த்த பூமி. குடகனாற்றில் வெள்ளம் புரள்வதைக் காண்பதே இவ்வூரார்க்கு அரிய காட்சி. கடலைக் காண வேண்டுமானால் திண்டுக்கல், மதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் என்று ஏறத்தாழ 250 கிலோமீட்டர் கடந்து பாம்பனை அடைதல் வேண்டும். ஆகவே இப்பகுதியினர்க்குக் கடல் என்றாலே இராமேசுவரம்தான். முன்னோர் அதனைச் சேது யாத்திரை என்றனர். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் சென்று, தீர்த்தமாடி, எள்ளும் நீரும் இறைத்துத் திரும்பினர். அலையில் விளையாடுவதற்கென்று எவரும் சென்றதில்லை.

அந்நிலை மாறிவிட்டது. 1988இல் சாலைப்பாலம் திறக்கப்பட்டதும் பேருந்துகள் தீவுக்குள் நேரே சென்றன. 2017 சூலையில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரைக் கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்ட பின்னர், மணலில் தத்தளித்துச் சென்ற வண்டிகளுக்கு வேலையில்லாமற் போயிற்று. 1914இல் எழுந்த பழைய இரயில் பாலம் ஓய்வு பெற, செங்குத்தாக உயரும் தூக்குப் பகுதியையுடைய புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இப்போது செல்வோரிற் பலர் கோயிலுக்கு ஒரு மணி நேரமும் கடற்கரைக்கு ஒரு நாளும் ஒதுக்குகின்றனர். படகேறுகின்றனர்; மீன் உணவு தேடுகின்றனர். பெரியவர்கள் இதனைக் கண்டு முகஞ்சுளிப்பது உண்டு. முகஞ்சுளிக்க ஒன்றுமில்லை. கடற்கரையில் மகிழ்ந்திருத்தலுக்கென்று ஒரு திணையையே வகுத்த மொழி இது.

அகநானூற்றின் எழுபதாம் பாடல் நெய்தற் பாடல்தான். கடுவன் மள்ளனார் பாடியது. பாண்டியரின் பழமையான கோடி என்று அதில் வருவது தனுஷ்கோடியே என்பர் உரையாசிரியர். அங்கே ஆலமரத்தடியில் இராமன் மறைபொருள் பேசுங்கால் பறவைகளின் ஒலி அடங்கிற்றாம். அதுபோலத் தலைவியைப் பற்றிய ஊர்ப் பழிச்சொல் அவள் மணத்தால் அடங்கிற்று என்பது பாடலின் பொருள். உவமை புகழ்பெற்றது. ஆனால் அதற்கு முன் அப்புலவர் காட்டும் மற்றொரு காட்சியைப் பலர் விரைந்து கடந்து விடுகின்றனர். வேட்டம் வாய்த்த பரதவர், கரையில் அயிலை மீனைப் பகுத்துக் கொடுக்கின்றனர். கரைக்கு வந்தவர்க்குப் பங்கு உண்டு என்பது அவ்வூரின் வழக்கு.

இத்தீவு இரண்டு கடல்களுக்கு இடையே கிடப்பது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியாகக் கிடக்கும் வடகடலைப் பெண்கடல் என்றும், கொந்தளிக்கும் தென்கடலை ஆண்கடல் என்றும் அம்மக்கள் அழைப்பர். பெயரை நம்பி ஏமாறலாகாது. வாடைக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகையில் பெண்கடலே சீறும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஆண்கடல் சீறும். இரண்டும் சந்திக்கும் அரிச்சல்முனையில் நீரோட்டம் வலியது. மணல் காலடியிலேயே இடம் பெயரும். அங்கே நின்று காணலாம், நீந்துதல் கூடாது. குளிக்க விரும்புவோர், பாம்பனுக்கு முன்னரே நிலப்பகுதியில் உள்ள அரியமான் கடற்கரைக்குச் செல்வது நலம்.

உணவைப் பொறுத்தவரை, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பெரும்பாலும் மரக்கறி உணவே கிட்டும். மீனுக்குப் பாம்பனையோ தனுஷ்கோடிச் சாலையோரக் குடிசைகளையோ நாட வேண்டும். நெத்திலி, பாறை, சீலா, கணவாய், நண்டு என அன்றன்று கரைக்கு வந்தது அடுப்பேறும். விலையை முன்னரே கேட்டுக்கொள்வது நல்லது; இது நகரத்து உணவகங்களுக்கும் பொருந்தும்!

நீருக்கடியிலும் ஓர் உலகம் உண்டு. தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளையும் சூழ்ந்த பவளப் பாறைகளையும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினர். அதற்கு முன்னும் பின்னும் பல்லாண்டுகள் அப்பாறைகளை வெட்டிச் சுண்ணாம்பு சுட்டனர். அலைகளைத் தடுக்கும் அரண் போனதால் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கின. 2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தன. வழிப்பயணியர் நினைவுக்கென்று ஒரு பவளத் துண்டை எடுத்து வருதலும் குற்றமே.

ஆனால் அச்சட்டத்தின் சுமையைத் தாங்குவோர் யாவர்? கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கிக் கடற்பாசி பறிக்கும் பெண்கள். அவர்கள் பறிக்கும் பாசிகளுள் ஒன்றுக்கு மரிக்கொழுந்து என்று பெயர். நிலக்கோட்டைப் பூச்சந்தையில் மணக்கும் மரிக்கொழுந்தை அறிந்த திண்டுக்கல்லார்க்கு இது வியப்பளிக்கும். அத்தீவுகளை அணுகவே அவர்களுக்குத் தடை. கண்டு களிக்க வருபவர்க்கோ குருசடைத் தீவுக்குப் படகு உண்டு. பாறையைக் காக்க வேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. எனினும் விருந்தினர்க்கு வாயிலைத் திறந்து வீட்டார்க்கு அடைப்பது எந்த அறம் என்று அப்பெண்கள் கேட்டால், விடை எளிதன்று.

தனுஷ்கோடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாதிருக்க இயலாது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு, பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணி வண்டி தனுஷ்கோடி நிலையத்தை எட்டும் முன்னரே பேரலை அதனை அடித்துச் சென்றது. வண்டியில் இருந்தோர் எவரும் பிழைக்கவில்லை. தலைமன்னாருக்குக் கப்பல் ஏறிய துறைமுகம், தபால் நிலையம், தேவாலயம் யாவும் போயின. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆயினும் மீனவர் திரும்பி வந்து கீற்றுக் குடிசைகளில் குடியேறினர், கரைவலை இழுக்கின்றனர். இடிந்த தேவாலயச் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக் கொள்வோருள் சிலர், அது ஒரு கல்லறைக்கும் நிகரான இடம் என்பதை மறந்து கூச்சலிடுகின்றனர். பாழூர் என்று விளம்பரமும் செய்கின்றனர். குடியிருப்போர் உள்ள ஊரைப் பாழூர் என்பது எவ்வாறு?

அதே மணற்கரையில் வேறு சிலரும் வந்து இறங்கினர். 1983 கலவரத்திற்குப் பின் ஈழத்திலிருந்து படகேறியவர்கள். படகோட்டிகள் அவர்களைக் கரை சேர்க்காமல், கடலின் நடுவே உள்ள மணல்திட்டுகளில் இறக்கிவிட்டுச் சென்றதும் உண்டு. நீரின்றி, நிழலின்றி, குழந்தைகளோடு அவர்கள் காத்துக் கிடந்தனர். 2022இல் இலங்கையில் பொருளாதாரம் சரிந்தபோதும் இதே நிகழ்ந்தது. கரை சேர்ந்தோர் மண்டபம் முகாமுக்கும், அங்கிருந்து பிற மாவட்டங்களுக்கும் அனுப்பப்பட்டனர். அவ்வாறு வந்தோர் திண்டுக்கல் அருகே தோட்டனூத்திலும் வாழ்கின்றனர். 2022 செப்டம்பரில் அவர்களுக்கு 321 வீடுகள் கட்டித் தரப்பட்டன. வேடசந்தூரிலிருந்து விடுமுறைக்கு அரிச்சல்முனை செல்லும் குடும்பமும், தோட்டனூத்தில் அடுப்பெரிக்கும் குடும்பமும் ஒரே கடலைக் கண்டவை. கண்ட விதம் வேறு.

செல்வோர் ஒன்றை மட்டும் தவறாமல் காண வேண்டும். தனுஷ்கோடிக் குடிசைகளுக்கு அருகே, உப்புக்கடல் அலையடிக்கும் தொலைவிலேயே, பெண்கள் மணலைக் கையால் தோண்டுகின்றனர். சிறிது ஆழத்தில் நீர் கசிகிறது. கொட்டாங்கச்சியால் மெல்ல முகந்து குடத்தில் ஊற்றுகின்றனர். மழைநீர் மணலில் இறங்கி, கனத்த உப்புநீரின்மேல் மெல்லிய அடுக்காய் நிற்பதால் அது குடிநீராகிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறிவிடும். கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் காத்திருந்து பழகிய ஊரார்க்கு அப்பெண்களின் கைவேலையை எவரும் விளக்க வேண்டியதில்லை. குடிநீரை வேடசந்தூரிலிருந்தே கொண்டு செல்லுங்கள். அங்கே கேட்டு வாங்காதீர்கள்.